கிணிங்... கிணிங்... சைக்கிள் கூட்டம் புறப்பட்டது!

ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை மணி ஐந்து.

குரோம்பேட்டை இன்னும் முழுதாகக் கண் விழிக்கவில்லை. டீக்கடையில் பால் கொதிக்கிறது. தாம்பரம் செல்லும் மின்சார ரெயில் ஒன்று கூவிக்கொண்டு போகிறது.

"கிணிங்... கிணிங்..."

தெருக்கோடியில் மணி ஓசை கேட்கிறது. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொரு மணி. பிறகு நாலைந்து மணிகள்.

சைக்கிள் கூட்டம் கூடிவிட்டது!

கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியை இருக்கிறார். பாங்கி ஊழியர் இருக்கிறார். அவர்கள் நடுவே பெரியவர் ஒருவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தலையில் ஹெல்மெட். சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கு. கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் "தாத்தா"தான்.

குரங்குப் பெடல்

தாத்தா சைக்கிள் கற்றது வாடகை சைக்கிளில். கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு வண்டியைக் கொடுப்பார். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதிக்கவேண்டும். அதற்குப் பெயர் குரங்குப் பெடல்!

"முழங்காலில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது" என்று சிரிக்கிறார் தாத்தா.

அந்தக் காலத்தில் சைக்கிள் ஒரு சொத்து. வரி கட்டி, வில்லை வாங்கி மாட்டவேண்டும். விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். இரண்டு பேர் ஏறிப் போனாலும் பிடிப்பார்!

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் பொறியியல் கல்லூரி பிறந்ததும் அதே ஆண்டில்தான். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற இந்த ஊர், கல்லூரியாலும் புகழ் பெற்றது. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிள் நடுத்தரக் குடும்பங்களின் வாசலில் வந்து நின்றது.

சைக்கிளுக்குப் பூட்டு

தாத்தா வேலைக்குப் போனார். ஸ்கூட்டர் வாங்கினார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் சைக்கிள்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் கிடந்த மணலில் சக்கரம் சறுக்கியது. கீழே விழுந்தார். நல்ல வேளை, பெரிய காயம் இல்லை. ஆனால் வீடு கலங்கிவிட்டது.

"அப்பா, ரோடு முன்னே மாதிரி இல்லை. சைக்கிளைப் பூட்டி வையுங்கள்" என்றார் மகன்.

"பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்றார் மனைவி.

சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போயிற்று. அதன்மேல் தூசி படிந்தது. தாத்தாவின் முகமும் வாடியது.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவி வந்தாள். "தாத்தா, தனியாகப் போனால்தானே பயம்? எங்களோடு வாருங்கள்" என்றாள்.

பாட்டி யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "முன்னாலும் போகக்கூடாது. கடைசியிலும் போகக்கூடாது. நடுவில்தான் போகவேண்டும்!"

கூட்டத்தின் சட்டம்

சேர்ந்து ஓட்டுவதற்குச் சில விதிகள் உண்டு. ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் கையால் காட்டவேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் கடைசியில் வரவேண்டும். அவர் யாரையும் பின்னே விட்டுவிட்டு வரமாட்டார். ஒரு வண்டி பஞ்சரானால் எல்லா வண்டியும் நிற்கும்.

எதிர்க்காற்று அடிக்கும்போது முன்னால் போகிறவருக்குத்தான் சிரமம் அதிகம். அவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது சுலபமாகிறது. ஆகவே பலசாலிகள் முறை மாற்றி மாற்றி முன்னே போகிறார்கள். நடுவில் போகும் தாத்தாவுக்கு அவர்கள் கொடுக்கும் பரிசு இது!

ஒரு வாரம் திருநீர்மலை. பெருமாள் நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் காட்சி தரும் தலம் அது. மற்றொரு வாரம் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வண்டலூர். சில நாள் செங்கற்பட்டு கொளவாய் ஏரி வரைக்கும் போவதுண்டு. வாகனங்கள் பெருகுமுன் வீடு திரும்பிவிடுவார்கள்.

பந்தயம் அல்ல

பிரான்சு நாட்டில் பாரிஸ் நகரத்திலிருந்து பிரெஸ்ட் வரை சென்று திரும்பும் சைக்கிள் பயணம் ஒன்று உண்டு. 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று அதில் பந்தயம் கிடையாது. சுமார் 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடித்தால் போதும். முதல் பரிசும் இல்லை, இரண்டாம் பரிசும் இல்லை. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் இந்தப் பயணத்துக்கு இந்தியர்களும் போய் வருகிறார்கள்.

பிறரை முந்துவது அல்ல, போய்ச் சேருவதுதான் பெருமை!

புதுக்கோட்டைப் பெண்கள்

சேர்ந்து மிதித்தால் பயம் போகும் என்பதை நம் தமிழ்ப் பெண்களே காட்டியிருக்கிறார்கள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தும் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதையும் அதோடு சேர்த்தார். கல் உடைக்கும் பெண்களும், வயலில் வேலை செய்யும் பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே கற்றார்கள்! கேலி பேசியவர்கள் வாய் அடைத்து நின்றார்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் வந்தார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டாம். அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்கவேண்டாம். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு தாங்களே போனார்கள்.

நீங்களும் ஏறலாம்

வயது ஆகிவிட்டதே என்று தயங்கவேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக்கைச் சோதியுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். முதல் வாரம் உங்கள் தெரு, அடுத்த வாரம் பக்கத்துத் தெரு, அது போதும். ஒரு துணையோடு போங்கள்.

மணி ஏழரை. கூட்டம் திரும்பிவிட்டது. தெருமுனை வந்ததும் தாத்தா மணியை இரண்டு முறை அடிக்கிறார். "கிணிங்... கிணிங்..."

வாசலில் பாட்டி நிற்கிறார். கோபமாகத்தான் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் கையில் காபி தயார்!

"அடுத்த வாரம் எத்தனை மணிக்கு எழுப்பவேண்டும்?" என்று கேட்கிறார்.