பதினேழு ஆண்டுப் பழுது

2005-ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு சிறு ஓட்டையை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அடைத்தார். ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய கணினிகளில் அந்தத் திருத்தம் ஒத்துவரவில்லை. சீக்கிரமே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஓட்டை காகிதத்தில்தான் சாத்தியம், நடைமுறையில் யாரும் அதற்குள் நுழைய முடியாது என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. 2016 அக்டோபரில் ஃபில் ஓஸ்டர் என்ற வல்லுநர், தாக்குதலுக்கு உள்ளான ஒரு சர்வரின் பதிவுகளைத் துழாவியபோது, யாரோ அதே ஓட்டை வழியாக உள்ளே போய் வந்திருப்பதைக் கண்டார். ‘டர்ட்டி கௌ’ என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. 2007 முதல் வெளியான கெர்னல்கள் அனைத்திலும், ஆண்ட்ராய்டு போன்களிலும் அது இருந்தது. டோர்வால்ட்ஸ் மறுபடி அடைத்தார். 2017-இல் அந்த அடைப்பிலேயே ஒரு விரிசல் தெரிந்தது. 2022-இல் இன்னொன்று. உலகின் மிகத் தேர்ந்த கைகள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பூசியும் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், வழக்கமான பதில் ‘கவனக்குறைவு’. அந்தப் பதில் தவறு என்பதே என் கட்சி. கெர்னலின் பல பழுதுகளுக்குக் காரணம், எந்தத் தரவை யார், எப்போது தொடலாம் என்ற விதி மனிதர்களின் தலைக்குள் மட்டும் இருப்பது. அதை இயந்திரம் சரிபார்க்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவராதவரை, செய்யும் திருத்தமெல்லாம் ஒட்டுப்போடுவதுதான்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். நினைவகத்தைப் பங்கிடுவது, கோப்புகளுக்குக் காவல் நிற்பது, எந்த நிரலுக்கு எப்போது ப்ராசஸர் கிடைக்கும் என்று முடிவுசெய்வது எல்லாம் அதன் வேலை. மற்ற நிரல்கள் தப்புச் செய்தால் கெர்னல் தடுக்கும். கெர்னலே தப்புச் செய்தால் தடுக்க மேலே யாரும் இல்லை. இன்றைய ஒரு சாதாரண போனில்கூட எட்டு கோர்கள் இருக்கின்றன. எட்டும் ஒரே நேரத்தில் கெர்னலுக்குள் ஓடலாம், ஒரே தரவைத் தொடலாம். ஒரு நினைவகத் துண்டை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் எண்ணி வைத்திருப்பதாகக் கொள்வோம். எண்ணியில் 2 இருக்கிறது. இரண்டு கோர்கள் ஒரே சமயத்தில் புதிதாக வந்து சேர்கின்றன. இரண்டுமே 2 என்று படிக்கின்றன, இரண்டுமே ஒன்றைக் கூட்டி 3 என்று எழுதுகின்றன. உண்மையில் நான்கு பேர், கணக்கில் மூன்று. இதுதான் ‘ரேஸ் கண்டிஷன்’: விடை, யார் முந்தினார்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. பிறகு மூன்று பேர் விலகியதும் எண்ணி பூஜ்யமாகும். கெர்னல் அந்தத் துண்டை விடுவித்து வேறு யாருக்கோ கொடுத்துவிடும். நான்காமவர் பழைய முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அதில் எழுதிக்கொண்டிருப்பார். ரேஸ் கண்டிஷனாகத் தொடங்கியது நினைவகப் பிழையாக முடிகிறது. விடுவித்த அந்த இடத்தில் தாக்குபவர் தன் தரவை வரவழைத்துவிட்டால், கெர்னலையே தன் சொல்படி ஆட்டலாம். இத்தகைய எண்ணிகளை ஒரே அடியில் மாற்றும் கட்டளைகள் ப்ராசஸரில் எப்போதோ வந்துவிட்டன. ஆனால் இரண்டு மூன்று படிகள் சேர்ந்து ஒரே செயலாக நடக்கவேண்டிய இடங்கள் கெர்னலில் எண்ணிலடங்காது.

டர்ட்டி கௌ அப்படிப்பட்ட ஓர் இடம். படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பு ஒன்றை ஒரு நிரல் தன் நினைவகத்தில் ‘தனிப்பட்ட’ முறையில் விரித்துக்கொள்ளலாம். அதில் எழுத முயன்றால் கெர்னல் அந்த இடம் அடங்கிய நினைவகப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் எழுத விடும். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. இதில் மூன்று படிகள். எழுதும் கோரிக்கை வந்ததும் நகல் எடுப்பது முதல் படி. நகல் தயாராகிவிட்டது, இனி ‘எழுத வேண்டும்’ என்ற குறிப்பு தேவையில்லை என்று அதை நீக்குவது இரண்டாவது. பக்கத்தை மறுபடி தேடி எடுத்து எழுதுவது மூன்றாவது. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி. அதே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு த்ரெட், ‘அந்த நகல் எனக்கு வேண்டாம், தூக்கிப்போடு’ என்று கெர்னலிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு சுற்றில் அந்த உத்தரவு சரியாக அந்த இடைவெளியில் போய் விழும். நகல் போய்விடுகிறது. எழுதும் குறிப்பும் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே கெர்னல் இதைப் படிக்கும் கோரிக்கையாகவே பார்த்து மூலப் பக்கத்தை எடுத்துத் தருகிறது, அதில் எழுதியும் விடுகிறது. லட்சம் முறை தோற்றாலும் கவலையில்லை. ஒரு முறை வென்றால் போதும். சாதாரணப் பயனர் ஒருவர் நிர்வாகியின் கோப்பைத் திருத்தி, கணினி முழுவதையும் கைப்பற்றிவிடலாம்.

திருத்தங்களின் கதைதான் இதைவிடச் சுவையானது. 2016-இல், எழுதும் குறிப்பை நீக்காமல், ‘நகல் எடுத்தாயிற்று’ என்று தனிக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். கையில் இருப்பது நகல்தானா என்று உறுதிசெய்ய, அந்தப் பக்கத்துக்கான பதிவில் ‘டர்ட்டி’ முத்திரை, அதாவது மாற்றப்பட்டது என்ற முத்திரை, இருக்கிறதா என்று பார்த்தார்கள். நகலெடுக்கும்போது அந்த முத்திரை விழும் என்பதால் அது சரியான ஊகம். ஆனால் ஊகம். வீட்டில் விளக்கு எரிகிறதே என்று உள்ளே இருப்பவரை உரிமையாளர் என்று எடுத்துக்கொள்வது போல. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. 2005-இல் ஐபிஎம் கணினிகளில் சிக்கல் வந்ததற்கும் இதுவே காரணம்: அந்த வன்பொருள் முத்திரையை வேறோர் இடத்தில் வைத்திருந்தது. 2017-இல் தெரிந்த விரிசலும் இதே வகை. பெரிய அளவுப் பக்கங்களைக் கையாளும் வழியில், நகலெடுக்காமலேயே டர்ட்டி முத்திரை விழ வாய்ப்பிருந்தது. பாதிப்பு சிறியது, தர்க்கம் அதே தர்க்கம். 2022-இல், நினைவகத்திலேயே வாழும் கோப்புகளுக்காகச் சேர்த்த ஒரு புதிய வசதி, தன் காரணங்களுக்காக அந்த முத்திரையைக் குத்தியது. ஓட்டை மீண்டும் திறந்தது. இம்முறை டேவிட் ஹில்டன்பிராண்ட் செய்த திருத்தம் முந்தைய குறிப்பையே தூக்கி எறிந்தது. இந்தப் பக்கம் இந்த நிரலுக்கு மட்டுமே உரியதா என்று கெர்னலே நேரடியாகப் பதிந்துவைக்கும் ஒரு முத்திரை அதே ஆண்டில்தான் வந்திருந்தது. அதைப் பார்த்து முடிவெடுக்கச் செய்தார். அதாவது, உரிமை யாருடையது என்ற கேள்விக்கு அப்போதுதான் நேரான பதில் கிடைத்தது.

இன்னும் திறமையானவர்கள் எழுதியிருந்தால் இப்படி ஆகாது என்று சொல்பவர்கள், இதை எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும். மூல நிரல் திறந்தே இருக்கிறது, ஆயிரம் கண்கள் பார்க்கின்றன என்ற வாதமும் இங்கே எடுபடாது. ஒன்பது ஆண்டுகள் அந்தக் கண்கள் அந்த வரிகளைக் கடந்துபோயின. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொரு வரியும் சரிதான். தவறு இரண்டு வரிகளுக்கு இடையிலான நேரத்தில் இருக்கிறது, நேரத்தை மூல நிரலில் படிக்க முடியாது. சோதனையில் சிக்கியிருக்க வேண்டாமா என்றால், ஒரு கோடி ஓட்டத்தில் ஒரு முறை நேர்வதைச் சோதனை பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அதைத் தேடிப் போகிற தாக்குபவர் பார்த்துவிடுகிறார். ‘காகிதத்தில்தான் சாத்தியம்’ என்ற கணிப்பும் காலத்தோடு கெட்டுப்போகிறது. நினைவக மேலாண்மை வேகமாகிப் பல கோர்களுக்கு ஏற்றதாக வளர்ந்ததில், அன்று அரிதாக இருந்த மோதல் எளிதாகிவிட்டது என்று டோர்வால்ட்ஸே 2016-இல் தன் திருத்தக் குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டைப் போட்டுவிட்டால் என்ன? போட்டுப் பார்த்தாயிற்று. 1996-இல், ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசஸர்களை லினக்ஸ் ஏற்றபோது, கெர்னல் முழுமைக்கும் ஒரே ‘பிக் கெர்னல் லாக்’ வைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. பத்திரம்தான், ஆனால் ப்ராசஸர்கள் கூடக்கூட மற்றவை வாசலில் காத்துக்கிடந்தன. அதை முற்றாக நீக்க 2011 ஆயிற்று. இத்தனை காலம் பிடித்ததற்கு வேகம் பற்றிய தயக்கம் காரணமில்லை. எந்த இடத்தில் அந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் எது சரியும் என்று ஒவ்வோர் இடமாக அகழ்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

விதியை இயந்திரத்திடம் ஒப்படைப்பது எப்படி என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 2006-இல் இங்கோ மோல்னார் கொண்டுவந்த ‘லாக்டெப்’. ஓரிடத்தில் அ என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டே ஆ பிடிக்கப்படுகிறது; வேறோர் இடத்தில் ஆ-வைப் பிடித்துக்கொண்டு அ. இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால் ஒன்றுக்காக மற்றொன்று காத்து இரண்டுமே உறைந்துபோகும். லாக்டெப் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பதில்லை. வரிசைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டு வெவ்வேறு நாட்களில் இரண்டையும் பார்த்திருந்தாலும் எச்சரிக்கிறது. நடக்காத விபத்தை முன்கூட்டியே காட்டுவது சாதாரணச் சோதனையால் ஆகாத காரியம். 2015-இல் வந்த ‘கேசான்’, நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, விடுவித்த இடத்தை யாராவது தொட்டால் அங்கேயே பிடித்துக்கொள்கிறது. 2020-இல் சேர்ந்த ‘கேசிசான்’ செய்வது குறும்பான வேலை: ஏதாவது ஒரு கோர் ஒரு தரவைத் தொடப்போகும்போது வேண்டுமென்றே அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, அதற்குள் வேறு யாராவது அங்கே கைவைக்கிறார்களா என்று பார்க்கிறது. கூகுளின் ‘சிஸ்பாட்’ 2017 முதல் இரவும் பகலும் கெர்னலுக்குக் கோணல்மாணலான கோரிக்கைகளை அனுப்பி, இந்தக் கருவிகளைக் கொண்டு பிழைகளைத் தேடுகிறது. இவை கெர்னலை மெதுவாக்குகின்றன, நிழலுக்கென்றே நினைவகம் தின்கின்றன என்ற குறை நியாயமானது. கேசானைப் பெரும்பாலும் சோதனை மேடையிலேயே ஓட்டுகிறார்கள். ஓடிய பாதையில் நடந்ததை மட்டுமே அது பிடிக்கும், ஓடாத பாதையைப் பற்றி வாய் திறக்காது என்பது அதைவிடப் பெரிய குறை.

ஆகவேதான் விதியை மொழிக்குள்ளேயே வைக்கும் முயற்சி. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1-இல் ரஸ்ட் மொழிக்கு இடம் கிடைத்தது. கெர்னலின் பழைய மொழியான சி-யில் பூட்டும் அது காக்கும் தரவும் தனித்தனி. இரண்டையும் சேர்த்து வைப்பது எழுதுபவரின் ஞாபகம். ரஸ்டில் தரவு பூட்டுக்குள்ளேயே இருக்கும்; பூட்டைத் திறக்காமல் தரவைக் கேட்டால் கம்பைலர் நிரலை ஏற்காது. விடுவித்த நினைவகத்தைத் தொடுவதையும் அப்படியே மறுத்துவிடும். சுமார் 4 கோடி வரிகள் கொண்ட கெர்னலில் ரஸ்ட் இன்னும் சிறு பங்குதான். பழையதையெல்லாம் திரும்ப எழுதுவது நடவாத காரியம், இரண்டு மொழிகளைச் சுமப்பது பராமரிப்பவர்களுக்குத் தலைவலி என்ற எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. எனினும் புதிய பிழைகள் பெரும்பாலும் புதிய நிரலில்தான் முளைக்கின்றன. புதிதாக எழுதுவதை மட்டும் மாற்றினாலே கணக்கு மாறும் என்பதற்கு ஆண்ட்ராய்டு சான்று: கூகுள் வெளியிட்ட கணக்கின்படி, அதன் பாதுகாப்புக் குறைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதம், 2024-இல் 24 சதவீதம்.

ரஸ்ட் வந்தும் 2025 டிசம்பரில் கெர்னலின் ரஸ்ட் பகுதியில் முதல் பாதுகாப்புக் குறை பதிவானதே என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டின் ‘பைண்டர்’ என்னும் பகுதியில் இருந்தது அது, ரேஸ் கண்டிஷனேதான். ஆனால் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கம்பைலரின் காவலை எழுதுபவர் தானே விலக்கிக்கொள்ளும் ‘அன்சேஃப்’ பகுதி அது. அப்படி விலக்கும்போது அது ஏன் பாதுகாப்பானது என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதுவது வழக்கம். இந்த உறுப்பு ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கும், இல்லையென்றால் எந்தப் பட்டியலிலும் இருக்காது என்று அங்கே எழுதியிருந்தது. வேறோர் இடத்தில் ஒரு செயற்கூறு, உறுப்புகளைத் தற்காலிகப் பட்டியல் ஒன்றுக்கு மாற்றிவிட்டுப் பூட்டைத் திறந்துவிட்டது. அந்த நொடியில் குறிப்பு பொய்யாகிப்போனது. அதைக் கம்பைலர் படிப்பதில்லை. தற்காலிகப் பட்டியலையே கைவிட்டு, உறுப்புகளை மூலப் பட்டியலிலிருந்து நேராக ஒவ்வொன்றாக எடுக்கும்படி அந்தச் செயற்கூறை மாற்றி எழுதினார்கள்.