விருந்தினருக்கு எழுப்பும் சிலை

மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் பிறநாட்டுத் தலைவர்களைத் தென்சென்னைப் புறநகர்கள் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றன. பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் வாழ்வோர்க்கு அத்தகைய வருகைகள் பெரும்பாலும் அலங்கார வளைவுகளாகவும் மறிக்கப்பட்ட சாலைகளாகவுமே நினைவில் எஞ்சுகின்றன. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது, நம் செய்தித்தாள்கள் பழைய வருகை ஒன்றை நினைவூட்டின. 1956 டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என்லாய் மாமல்லபுரத்திற்கு அருகிலுள்ள குழிப்பாந்தண்டலம் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு அமைந்த தாய்சேய் நல விடுதியோடு அவர் பெயர் இணைந்து நிற்கிறது.

அந்த ஆண்டில் அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு சிலை எழுப்பப்பட்டிருக்குமானால், அதன் கதி என்னவாகியிருக்கும்? இரு நாட்டு நட்பு ஓங்கியிருந்த காலம் அது. ஆறே ஆண்டுகளில், 1962 அக்டோபரில், எல்லையில் போர் மூண்டது. அச்சிலையை எவரும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள் என்றே நாம் கருதுகிறோம். பிரசவ விடுதியை இடிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. விருந்தினரைப் போற்றும் சின்னம் எவ்வடிவில் அமைய வேண்டும் என்ற வினா இங்கிருந்தே எழுகிறது.

அயல்நாட்டு விருந்தினர்க்குச் சின்னம் எழுப்பும் வழக்கத்தை ஆராய, நம்மவர் பலருக்கும் பழக்கமான சிங்கப்பூரை விடச் சிறந்த இடம் வேறில்லை. அந்நகரின் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தின் அருகே, சீனத் தலைவர் தெங் சியாவோபிங்கின் மார்பளவுச் சிலை உள்ளது. அவர் அங்கு அரசுமுறைப் பயணமாக வந்தது 1978 நவம்பரில். சிலை திறக்கப்பட்டதோ 2010 நவம்பர் 14 அன்று. திறந்தவர்கள் லீ குவான் யூவும், அன்று சீனத் துணை அதிபராயிருந்த அதே ஷி ஜின்பிங்கும். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகள் ஏன்? தெங் வந்தபோது இரு நாடுகளுக்கும் தூதரக உறவே கிடையாது. 1990இல்தான் அது ஏற்பட்டது. அதன் இருபதாம் ஆண்டில் சிலை எழுந்தது. சிலை காட்டுவது 1978இன் விருந்தினரை. அது பேசுவதோ 2010ஆம் ஆண்டின் தேவையை.

அதே ஆற்றங்கரைக்கு அண்மையில், பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் இன்னொரு சின்னம் உண்டு. உயர்ந்த பீடத்தின் மேல் நிற்கும் வெண்கல யானை அது. 1871 மார்ச்சில் சயாம் மன்னர் சூலலங்கரண் சிங்கப்பூருக்கு வந்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. சயாம் மன்னர் ஒருவர் முதன்முதலாகக் கால்வைத்த அயல்மண் இதுவே எனப் பீடத்தின் வாசகம் கூறுகிறது. தம் வருகையின் நினைவாக மன்னரே அந்த யானையை அனுப்பி வைத்தார். பத்தாவியாவுக்கும் அவர் ஒரு யானையை வழங்கினார். அது நிற்கும் ஜகார்த்தா அருங்காட்சியகத்தை மக்கள் யானை மாளிகை என்றே அழைக்கின்றனர். தம் உருவத்தை ஊரார் தலைக்குமேல் நிறுத்தும்படி கேளாமல், தம் நாட்டின் விலங்கை விட்டுச் சென்ற இளம் மன்னரின் நாகரிகம் நம்மைக் கவர்கிறது.

பீடத்தின் வாசகம் நான்கு வரிவடிவங்களில் உள்ளது: சயாமியம், ஜாவி, சீனம், ஆங்கிலம். ஜாவி என்பது மலாய் மொழியை அரபு எழுத்தில், சில எழுத்துகளைக் கூட்டி எழுதும் முறை. நம் முன்னோர் தமிழை எழுதக் கையாண்ட அரபுத்தமிழும் இவ்வாறு உருவானதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாற்றில் படகோட்டியவர்களுள் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கணிசமானோர். 1826இல் தொடங்கிய சூலியா பள்ளிவாசல் அவர்கள் நிறுவியதே. அந்தப் பீடத்தில் தமிழ் இல்லை. ஆயினும் குர்ஆன் ஓதக் கற்ற ஒரு படகோட்டி, ஜாவி வரியை எழுத்துக்கூட்டியேனும் படித்திருக்கக் கூடும் என்று எண்ண இடமுண்டு.

யானை முதலில் நகர மண்டபத்தின் முன்னே நின்றது. 1919இல் ராஃபிள்ஸின் சிலைக்கு இடம் தேவைப்பட்டதால் அதனை இப்போதைய இடத்திற்கு மாற்றினர். பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் அந்த ராஃபிள்ஸே பீடத்திலிருந்து இறக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டார், 1946இல்தான் மீண்டார். மனித உருவம் அரசியலுக்கு எளிதில் இலக்காகிவிடுகிறது.

மனித உருவச் சிலைகளை விரும்பாத முஸ்லிம் நகரங்கள் விருந்தினரை எவ்வாறு நினைவில் வைத்தன? 1898இல் ஜெர்மானியப் பேரரசர் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம், சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் விருந்தினராக இஸ்தான்புல் வந்தார். அதன் நினைவாக அவர் அந்நகருக்கு அளித்தது ஒரு நீரூற்று மண்டபம். அதன் பகுதிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டுக் கொண்டுவரப்பட்டு, சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலுக்கு அருகேயுள்ள சதுக்கத்தில் பொருத்தப்பட்டன. 1901 ஜனவரி 27, கெய்சரின் பிறந்தநாளில், அது திறக்கப்பட்டது. எட்டுத் தூண்கள் தாங்கும் குவிமாடத்தின் உட்புறத்தில் சுல்தானின் துக்ராவும் கெய்சரின் பெயரெழுத்தும் மாறி மாறிப் பதிக்கப்பட்டுள்ளன. விருந்தினரும் விருந்தளித்தவரும் அங்கே சரிசமமாக, எழுத்தாக மட்டுமே இருக்கின்றனர்.

அதே பயணத்தில் கெய்சர் டமாஸ்கஸ் சென்று சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அடக்கத்தலத்தைத் தரிசித்து, முலாம் பூசிய வெண்கல மலர்வளையம் ஒன்றையும் காணிக்கையாக்கினார். 1918இல் ஜெர்மனியும் துருக்கியும் தோற்றன. டமாஸ்கஸுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் அதிகாரி டி.இ. லாரன்ஸ் அவ்வளையத்தை எடுத்துச் சென்றார். இன்று அது லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்தான்புல்லையும் அதே ஆண்டு நேச நாட்டுப் படைகள் கைப்பற்றின. கெய்சர் முடியிழந்தார், சுல்தானகமும் 1922இல் மறைந்தது. நீரூற்று மண்டபம் மட்டும் இன்றும் அச்சதுக்கத்திலேயே நிற்கிறது.