சீமான் சட்டைக்கு 4! ஏழைச் சட்டைக்கு 32!

சுங்கம் என்பது நமக்குப் புதிய சொல்லல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலே மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்திச் சுங்கம் கொண்ட காட்சியைப் பட்டினப்பாலை பாடிற்று. அந்தச் சுங்கத்தை நீக்கியதாலேயே முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் நிலைத்தது. அன்று மூட்டையின் மேல் முத்திரை விழுந்தது. இன்று? மூட்டையைப் பிரிக்கிறார்கள். சட்டையை எடுத்து உதறுகிறார்கள். பொத்தான் எந்தப் பக்கம், பை எந்த இடத்தில், நூலில் பருத்தி எத்தனை பங்கு, பாலியஸ்டர் எத்தனை பங்கு என்று துருவிப் பார்க்கிறார்கள். பார்த்து முடித்துத்தான், "இந்தச் சட்டைக்கு இவ்வளவு தீர்வை" என்று தீர்ப்பளிக்கிறார்கள்.

"சுங்கத் தீர்வை முதலாளிகளின் கவலை. பனியன் கம்பெனியிலே பவர்டேபிள் ஓட்டுகிற நமக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும், தோழர்களே! கேளுங்கள், தவறில்லை. ஆனால் முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

உலகத்துச் சரக்குகளுக்கெல்லாம் ஓர் எண் பட்டியல் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரிலே அமைந்துள்ள உலகச் சுங்க அமைப்பு அதைப் பேணி வருகிறது. 1988 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தப் பட்டியலை இன்று 200க்கு மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் பின்பற்றுகின்றன. முதல் 6 இலக்கம் எல்லோருக்கும் பொது. அதற்குமேல் அவரவர் வசதிப்படி நீட்டிக்கொள்வார்கள். நம் நாட்டில் 8 இலக்கம், அமெரிக்காவில் 10 இலக்கம். பின்னலாடை என்றால் 61-ஆம் அத்தியாயம். நெசவுத் துணியில் தைத்த ஆடை என்றால் 62. திருப்பூர் பனியன் 61-இல் போய் உட்காரும். தறியில் நெய்த துணியிலே தைத்த சட்டை 62-இல் உட்காரும்.

அத்தியாயங்களின் தலையிலே குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தால் சிரிப்பும் வரும், சிந்தனையும் வரும்.

முன்புறம் திறக்கும் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் படிந்தால் அது ஆண் உடை. வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் படிந்தால் பெண் உடை. வெட்டைப் பார்த்தாலே இன்னாருக்கு உரியது என்று தெளிவாகத் தெரிந்தாலன்றி, இதுதான் சட்டம்! ஆணுக்கா பெண்ணுக்கா என்று எப்படிப் பார்த்தும் விளங்கவில்லையா? அப்படியானால் அதைப் பெண் உடையாகவே கொள்ள வேண்டும். குழந்தை உடை எது? 86 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத பிள்ளைக்கு உரியதே குழந்தை உடை. பிள்ளை ஓர் அங்குலம் வளர்ந்தால் சட்டையின் எண்ணும் மாறும்!

எண் மாறினால் என்ன? அங்கேதான் சூட்சுமம். எண் மாறினால் தீர்வை மாறும். தீர்வை மாறினால் விலை மாறும். விலை மாறினால் ஆர்டர் மாறும். ஆர்டர் மாறினால், சனிக்கிழமை மாலை நம் கைக்கு வரும் கூலிக் கவர் மாறும்!

உலகின் பெரிய ஆடைச் சந்தைகளில் ஒன்று அமெரிக்கா. அந்த நாட்டின் அட்டவணையைப் பிரித்துப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டிலே நாடு வாரியாகக் கூடுதல் தீர்வைகள் விதித்தார்களே, இந்தியச் சரக்கின் மேல் அந்தச் சுமை ஆகஸ்டு 27 முதல் நூற்றுக்கு 50 ஆக ஏறியபோது திருப்பூர் தவித்ததே, அது வேறு கதை. அது புயல். புயல் ஏறும், இறங்கும். நாம் பேசுவது புயலுக்கு அடியிலே பல ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும் பாறையைப் பற்றி. அடிப்படை அட்டவணையைப் பற்றி.

அந்த அட்டவணையிலே ஸ்வெட்டருக்கு என்ன தீர்வை?

காஷ்மீர் ஆட்டின் மெல்லிய உரோமத்தால் பின்னிய ஸ்வெட்டருக்கு நூற்றுக்கு 4.

சாதாரணக் கம்பளி ஸ்வெட்டருக்கு நூற்றுக்கு 16.

அக்ரிலிக் என்னும் செயற்கை இழையில் பின்னிய மலிவு ஸ்வெட்டருக்கு நூற்றுக்கு 32!

மீண்டும் ஒருமுறை படியுங்கள். அச்சுப் பிழை அல்ல. மாளிகைவாசி மேனியிலே போர்த்துகிற மென்மைக்கு 4. பனிக்காலத்திலே விடியற்காலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பாட்டாளி தன் பிள்ளைக்கு வாங்குகிற முரட்டு ஸ்வெட்டருக்கு 32. எட்டு மடங்கு!

ஒரு கணக்குப் போடுவோம். துறைமுகத்திலே 100 டாலர் மதிப்புள்ள காஷ்மீர் ஸ்வெட்டர் ஒன்று இறங்குவதாக வைத்துக்கொள்வோம். தீர்வை 4 டாலர். பக்கத்திலே 20 டாலர் மதிப்புள்ள அக்ரிலிக் ஸ்வெட்டர் ஒன்று இறங்குகிறது. தீர்வை 6 டாலர் 40 சென்ட். விகிதத்திலே மட்டுமல்ல, எண்ணிக் கொடுக்கும் காசிலேயே ஏழையின் ஆடை சீமானின் ஆடையை விஞ்சி நிற்கிறது. வருமானம் உயர உயர வரி உயர வேண்டும் என்பது வரி நீதி. விலை குறையக் குறைய வரி உயர வேண்டும் என்பது என்ன நீதி?

"உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்றப் போட்ட வேலி ஐயா அது" என்பார்கள். உண்மைதான். மலிவுச் சரக்கு வந்து குவிந்தால் உள்ளூர் ஆலைத் தொழிலாளிக்கு வேலை போகும் என்று அஞ்சி எழுப்பிய வேலி. அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். அதுவும் ஒரு தொழிலாளியின் அச்சமே. ஆனால் இன்றைய நிலை என்ன? அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஆடைகளில் மிகப் பெரும் பகுதி வெளிநாட்டிலே தைத்தவை. தோட்டம் போய்விட்டது, வேலி மட்டும் நிற்கிறது. வேலிக்குக் காவல் கூலி கொடுப்பவன் யார்? மலிவுத் துணி வாங்கும் ஏழை!

ஆண், பெண் கதைக்கு வருவோம். கையுறைக்குள் புகுந்த வழக்கு ஒன்று உண்டு. தோல் கையுறை ஆணுக்கானது என்றால் நூற்றுக்கு 14. மற்றவர்க்கானது என்றால் 12.6. "கைக்குக் கை என்ன வேற்றுமை? இது ஆண், பெண் பாகுபாடு அல்லவா?" என்று டோட்டஸ் ஐசோடோனர் என்ற நிறுவனம் வழக்காடியது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொல்லிற்று? தீர்வை வேறுபட்டிருப்பது மட்டும் பாகுபாடு காட்டும் நோக்கத்துக்குச் சான்றாகாது என்று சொல்லி, வழக்கைத் தள்ளுபடி செய்ததை உறுதிப்படுத்திவிட்டது.

கையுறையிலே ஆண் கூடுதலாகக் கொடுக்கிறான், சரி. மொத்தக் கணக்கிலே? அமெரிக்க அரசின் பன்னாட்டு வணிக ஆணையத்துப் பொருளாதார ஆய்வாளர்களே 2018-இல் கணக்கெடுத்தார்கள். 2015-ஆம் ஆண்டிலே ஆண் உடைகளின் மேல் விழுந்த தீர்வையைக் காட்டிலும் பெண் உடைகளின் மேல் விழுந்த தீர்வை 277 கோடி டாலர் அதிகம் என்று கண்டார்கள். ஆணா பெண்ணா என்று அறிய முடியாத உடையைப் பெண் கணக்கிலே எழுது என்கிறதே அந்தக் குறிப்பு, அதைப் படித்தபோது சிரித்தோம் அல்லவா? இப்போது சிரிப்பு வருகிறதா?

இனி, வழக்கறிஞர்களின் வாய்ச்சாலகத்தைக் கேளுங்கள். கை வைத்த போர்வை ஒன்று உண்டு. 'ஸ்னக்கி' என்று பெயர். முன்பக்கமாகக் கையை நுழைத்துப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கலாம். "கை இருக்கிறது, ஆகவே ஆடை, நூற்றுக்கு 14.9 கட்டு" என்றது சுங்கத்துறை. பாதிரியாரின் அங்கியையும் பட்டமளிப்பு விழா அங்கியையும் ஒப்புக் காட்டி வாதாடியது. "இல்லை, இது போர்வை, 8.5தான்" என்றது நிறுவனம். 2017-இல் பன்னாட்டு வணிக நீதிமன்றம் போர்வையே என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஏறிப் போர்வை தன் பெயரை மீட்டுக்கொண்டது!

அதைவிடச் சுவையானது கிறிஸ்துமஸ் தாத்தாவின் வழக்கு. வேடிக்கை உடைகள் விற்கும் ரூபீஸ் என்ற அமெரிக்க நிறுவனம், இறக்குமதியாகும் மெலிந்த திருவிழா வேடங்களை 'ஆடை' என்று வகைப்படுத்தித் தீர்வை போட வேண்டும் என வழக்காடியது. அன்று அது உள்நாட்டு உற்பத்தியாளர். 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், "ஒரு நாள் கூத்துக்குக் கட்டும் இந்த மெல்லிய வேடம் ஆடையல்ல, விழாப் பொருள்" என்று சொல்லித் தீர்வையின்றி விட்டது. ஆண்டுகள் உருண்டன. அதே நிறுவனம் கிறிஸ்துமஸ் தாத்தா உடையை இறக்குமதி செய்தது. இப்போது அது என்ன சொல்லிற்று தெரியுமா? "இது ஆடையே அல்ல, விழாப் பொருள்!" 2019-இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. உள்துணி கொடுத்து, ஜிப் வைத்து, உறுதியாகத் தைத்திருப்பதால் அந்தச் சட்டையும் கால்சட்டையும் ஆடைகளே என்றது.

நாக்கு எப்படிப் புரள்கிறது பாருங்கள்! இலாபம் கிழக்கே இருந்தால் கிழக்கு நோக்கித் தொழுகை; மேற்கே இருந்தால் மேற்கு நோக்கித் தொழுகை. அது கிடக்கட்டும். தையற்காரத் தோழர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மட்டமாகத் தைத்த வேடத்துக்குத் தீர்வை இல்லை. மனம் வைத்து, ஓரம் அடித்து, உள்துணி கோத்துத் தைத்த உடைக்குத் தீர்வை உண்டு. தையலின் தரத்துக்குப் பரிசு கொடுக்க வேண்டிய இடத்திலே தண்டம்!

அட்டவணையை அறிந்தவன் அதை வளைக்கவும் அறிவான். செயற்கை இழைத் துணியில் தைத்த பெண்கள் சட்டைக்கு நூற்றுக்கு 26.9. இடுப்புக்குக் கீழே ஒரு பை வைத்துவிட்டால் அது 'சட்டை' என்னும் தலைப்பிலிருந்து வெளியேறி வேறு தலைப்புக்குப் போகும். தீர்வை 16 ஆகும். ஆகவே விரல் நுழையுமளவுக்குச் சின்னஞ்சிறு பை ஒன்றை வைத்துத் தைக்கச் சொல்கின்றன நிறுவனங்கள். அதில் சில்லறை போட முடியாது. ஆனால் அதனால் கோடிகள் மிச்சம்! களவல்ல, சட்டம் இடம் கொடுக்கும் வழிதான். அந்தப் பையைத் தைக்கிறவருக்கு, "இது எதற்கு?" என்று யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். அறிவும் ஒரு மூலதனம். அதையும் பூட்டி வைப்பார்கள்.

இனித் திருப்பூருக்கே வருவோம். பருத்தி டி-சர்ட்டுக்கு அந்த அட்டவணையில் 16.5. செயற்கை இழை டி-சர்ட்டுக்கு 32. கலப்பு நூல் என்றால்? எடையிலே எது மிகுதியோ அதன் பெயரே முழுச் சட்டைக்கும். பருத்தி 52, பாலியஸ்டர் 48 என்றால் அது பருத்திச் சட்டை. திருப்பிப் போட்டால் செயற்கைச் சட்டை. சரிபாதி வந்துவிட்டால்? பட்டியலிலே எந்த இழை பின்னால் வருகிறதோ அதன் பெயர் என்கிறது விதி. பருத்தி 52-ஆம் அத்தியாயம்; செயற்கை இழை 54, 55. ஆகவே 32! தராசிலே இரண்டு பங்கு ஏறினால், இறங்கினால், தீர்வை ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது. சுங்கச்சாவடியிலே அந்தத் தீர்வையைக் கட்டுபவர் இறக்குமதியாளர். ஆனால் கட்டிய காசை அவர் தம் இலாபத்திலேயேவா கழித்துக்கொள்வார்? ஒரு பங்கைக் கடை விலையில் ஏற்றுவார். மறு பங்குக்கு, "விலையைக் குறை" என்று இங்கே கடிதம் எழுதுவார். கம்பெனி, ஜாப் ஒர்க் எடுப்பவரின் கையை முறுக்கும். அவர் பீஸ் ரேட்டிலே கை வைப்பார். பிரஸ்ஸல்ஸிலே எழுதிய எண், வாஷிங்டனிலே போட்ட விகிதம், அனுப்பர்பாளையத்துக் கூலியிலே வந்து இறங்குகிறது!

இப்போது சொல்லுங்கள்: இது நம் கவலையா, இல்லையா?

ஏழைக்கு ஏழை பகையல்ல, தோழர்களே. அங்கே மலிவுச் சட்டை வாங்கும் உழைப்பாளியும் இங்கே அதைத் தைக்கும் உழைப்பாளியும் ஒரே நூலின் இரு முனைகள். நடுவிலே நின்று இழுக்கிறது அட்டவணை. எனவே நாம் கேட்பது பெரிய புரட்சிகூட அல்ல, சாதாரண நியாயம். காஷ்மீருக்கு 4, அக்ரிலிக்குக்கு 32 என்னும் தலைகீழ்க் கணக்கை நிமிர்த்து. ஆணென்றும் பெண்ணென்றும் ஒரே உடைக்கு இரு விலை வைக்காதே. நம் நாட்டு அரசு வாணிப உடன்படிக்கைக்கு உட்காரும்போது, நம் தொழிலாளி அதிகம் தைக்கும் உருப்படி எதுவோ அதை முதல் வரியிலே எழுது.

நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை லேபிள் தைக்க எடுத்துத் தருகிறார்களே, அதை ஒரு கணம் படித்துப் பாருங்கள். எத்தனை பங்கு பருத்தி, எத்தனை பங்கு பாலியஸ்டர் என்று அதிலே இருக்கும். அந்த இரண்டு எண்களுக்குள்ளே ஒரு நாட்டின் தீர்வை இருக்கிறது. ஒரு முதலாளியின் இலாபம் இருக்கிறது. உங்கள் கூலியின் ஒரு பகுதியும் இருக்கிறது. சங்கத்திலே கூலி பேச உட்காரும் நாளில், "இந்த உருப்படிக்கு அங்கே எவ்வளவு தீர்வை, எங்களுக்குத் தெரியும்" என்று ஒருவர் சொன்னால் போதும். பேச்சின் தொனி மாறும்.

சட்டையை வெட்டத் தெரிந்த கை நமது. தைக்கத் தெரிந்த கை நமது. அதன் கணக்கைப் படிக்கத் தெரிந்த கண்ணும் நமதாகட்டும்!