காலி இடம் இருந்தும் ஸ்வாப் ஓடுவது ஏன்?

லினக்ஸ் சர்வரில் டேட்டாபேஸ் திடீரென்று மந்தமாகிறது. ‘ஃப்ரீ’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், ராமிலிருந்து வெளியேற்றியதை வைக்கும் டிஸ்க் பகுதியான ஸ்வாப்பில் 2 ஜிபி நிரம்பியிருக்கிறது. உடனே ஸ்வாப்பையே அணைத்துவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த 2 ஜிபி, சர்வர் தொடங்கியபோது ஒருமுறை பயன்பட்டு, பிறகு யாரும் தொடாத நினைவகப் பக்கங்களாக இருக்கலாம். அவை டிஸ்க்கில் கிடப்பதால் கெடுதல் எதுவும் இல்லை.

எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வேகமாகப் போய்வருகிறது என்பதே முக்கியம். ‘விஎம்ஸ்டாட் 1’ கொடுத்தால் நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள்; அது சர்வர் தொடங்கிய நாளிலிருந்தான சராசரி. ‘எஸ்ஐ’ பத்தி ஸ்வாப்பிலிருந்து திரும்பி வருவதையும் ‘எஸ்ஓ’ வெளியேறுவதையும் காட்டும். இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. விடாமல் எண்கள் ஓடினால் ஆபத்து. ராமில் ஒரு தகவலை எட்ட ஏறத்தாழ 100 நானோநொடி போதும். சுழலும் டிஸ்க்கில் பல மில்லிநொடி ஆகும். பூட்டைப் பிடித்தபடி ஒரு த்ரெட் டிஸ்க்குக்காகக் காத்திருந்தால், அந்தப் பூட்டு வேண்டிய மற்ற த்ரெட்களும் அதன் பின்னால் நின்றுவிடும்.

இதில் பலரைக் குழப்பிய வகை ஒன்று உண்டு. மைஎஸ்க்யூஎல் சர்வர்களில் பல ஜிபி காலியாக இருக்கும்போதே ஸ்வாப் ஓடியது. ஜெரமி கோல் 2010-ல் இதற்கான காரணத்தை விரிவாக விளக்கினார். இரண்டு பிராசசர் கொண்ட சர்வரில் நினைவகம் ஒரே திரள் அல்ல. ஒவ்வொரு பிராசசரோடும் ஒரு பாதி ஒட்டியிருக்கிறது. அந்தப் பாதியை நோடு என்பார்கள், இந்த அமைப்பை நூமா என்பார்கள். நினைவகம் கேட்கும் த்ரெட்டுக்கு அது ஓடும் நோடிலிருந்தே கொடுக்க லினக்ஸ் முயலும். 64 ஜிபி சர்வரில் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, தரவைத் தேக்கிவைக்க 48 ஜிபி பஃபர் பூலை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒரே த்ரெட் அதை நிரப்பினால் ஒரு நோடின் 32 ஜிபியும் தீர்ந்துவிடும். மறுநோடுக்கு மீதி 16 மட்டும் போகும். பின்னர் நிரம்பிய நோடிலேயே இடம் தேவைப்பட்டால் கர்னல் டேட்டாபேஸின் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளக்கூடும். ‘ஃப்ரீ’ காட்டும் மொத்தக் கணக்கில் இது தெரியவே தெரியாது. ‘நூமாஸ்டாட்’ நோடுவாரியாகக் காட்டிவிடும்.

தீர்வு எளிது: ‘நூமாசிடிஎல்’ மூலம் இன்டர்லீவ் முறையில் மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்கினால் பக்கங்கள் இரு நோடிலும் மாறி மாறி அமையும். பிறகு மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே இதற்கான அமைப்பு வந்துவிட்டது.

போஸ்ட்கிரெஸில் நான் முதலில் சந்தேகிப்பது ‘வொர்க் மெம்’ அளவை. அது சர்வர் முழுமைக்குமான வரம்பு அல்ல. ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியே பொருந்தும். அதை 256 எம்பி ஆக்கி, 200 இணைப்புகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று வரிசைப்படுத்தினால் 50 ஜிபி வேண்டும்.

ஸ்வாப்பை அறவே எடுத்துவிட்டால், நினைவகம் தீரும்போது கர்னல் ஏதாவது ஒரு செயல்முறையைக் கொல்லும். பெரும்பாலும் மிகப் பெரியதைத்தான் தேர்ந்தெடுக்கும். டேட்டாபேஸ் சர்வரில் அது டேட்டாபேஸேதான். அதனால் கொஞ்சம் ஸ்வாப்பை விட்டுவைத்து, ‘ஸ்வாப்பினஸ்’ மதிப்பை வழக்கமான 60-லிருந்து 10-க்கோ 1-க்கோ குறைப்பதே நல்லது. போஸ்ட்கிரெஸ் கையேடு ஒரு படி மேலே போய், கர்னல் அளவுக்கு மீறி நினைவகத்தை வாக்களிக்காதபடி ‘ஓவர்கமிட் மெமரி’ அமைப்பை 2 ஆக்கச் சொல்கிறது. அப்போது நினைவகம் போதாவிட்டால், பொதுவாக அதைக் கேட்ட வினவல் மட்டும் பிழையோடு நின்றுவிடும். டேட்டாபேஸ் தொடர்ந்து ஓடும்.