தமனித் தடிப்பும் ஒரு சிறு புள்ளியும்

‘கல்’ என்று எழுதி, மேலே உள்ள புள்ளியை எடுத்துவிடுங்கள். ‘கல’ ஆகிவிடும். போனது ஒரு புள்ளிதான், பொருளே மாறிவிட்டது. உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் என்னிடம் ஆர்என்ஏ மாற்றங்களைப் பற்றி யாராவது கேட்டால், நான் இந்த எடுத்துக்காட்டில்தான் தொடங்குவேன்.

மரபணுவில் உள்ள கட்டளையை ஆர்என்ஏ நகலெடுத்துச் செல்கிறது, அதைக்கொண்டு உயிரணு புரதம் தயாரிக்கிறது என்று உயிரியல் பாடத்தில் படித்திருப்போம். அந்த நகலின்மீதும் உயிரணு சிறுசிறு வேதிக்குறிகளை இடுகிறது. இதுவரை 150க்கும் அதிகமான வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. தூது ஆர்என்ஏவில் அதிகம் காணப்படுபவற்றில் ஒன்று ‘எம்6ஏ’. அடினின் என்ற எழுத்தின்மேல் ஒரு மீத்தைல் குழு ஒட்டிக்கொள்வதுதான் அது.

எம்6ஏ கண்டறியப்பட்டது 1974ல். ஆனால், எஃப்டிஓ என்ற நொதி இக்குறியை அழிக்கவல்லது என்று சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சுவான் ஹே குழுவினர் 2011ல் காட்டிய பிறகே இத்துறை சூடுபிடித்தது. குறியை எழுத மெட்டில்3 போன்ற நொதிகள், அழிக்கச் சில, படிக்க வேறு சில. குறியைப் பொறுத்து ஒரு தூது நெடுநேரம் நிலைக்கலாம், விரைவில் சிதையலாம்.

உட்சுவரில் நடப்பது

தமனித் தடிப்பு என்றதும் அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், தமனி உயிருள்ள திசு. எல்டிஎல் கொழுப்பு அதன் உட்சுவருக்குள் புகுகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிரம்பி அங்கேயே தங்கிவிடுகின்றன. அழற்சி நீடித்து, படிவு வளர்கிறது. படிவு வெடித்தால் அங்கே ரத்தம் உறைந்து மாரடைப்பு ஏற்படலாம்.

தமனி கிளைபிரியும் இடங்களில்தான் படிவுகள் அதிகம். அங்கே ரத்தம் சீராக ஓடாமல் சுழல்கிறது. அந்தச் சுழற்சி, உட்சுவர் உயிரணுக்களில் மெட்டில்3 அளவை மாற்றுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அது கூடுகிறதா குறைகிறதா என்பதில் ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

சில மாற்றங்கள் எழுத்தையே மாற்றுகின்றன. ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் ஆய்வாளர்கள் 2016ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் அப்படி ஒன்றை விளக்கினர். கெத்தெப்சின் எஸ் என்ற நொதிக்கான தூதில் அடினோசின் இனோசினாக மாற்றப்படுகிறது. அதனால் அந்தத் தூது நீண்டகாலம் நிலைத்து, நொதி அதிகம் சுரக்கிறது. தமனிச் சுவரின் மீள்தன்மைக்குக் காரணமான நார்களை அரிப்பது இந்த நொதிதான்.

மருந்தாகும் ஆர்என்ஏ

சாதாரண ஆர்என்ஏவை ஊசிவழி செலுத்தினால் ரத்தத்தில் விரைவில் சிதைந்துவிடும். அதன் எழுத்துகளில் ஆய்வாளர்கள் வேதிமாற்றம் செய்து உருவாக்கிய மருந்துதான் இன்கிளிசிரான். கல்லீரல் எல்டிஎல்லை அகற்றுவதற்குத் தடையாக இருக்கும் பிசிஎஸ்கே9 புரதத்தின் தூதை அது அழிக்கிறது. தொடக்கத்தில் ஓர் ஊசி, மூன்று மாதத்தில் இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எல்டிஎல் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஐரோப்பாவில் 2020லும் அமெரிக்காவில் 2021லும் இதற்கு அனுமதி கிடைத்தது.

இளையர்களுக்கு ஏன் இந்தப் பேச்சு? கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் உடற்கூறாய்வு முடிவுகள் 1953ல் வெளியாயின. அவர்களின் சராசரி வயது 22. அவர்களில் 77 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் நோயின் அறிகுறிகள் ஏற்கெனவே தெரிந்தன. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே மாரடைப்பு விகிதம் சீனர்களைவிட அதிகம் என்பதும் நெடுநாளாக அறிந்ததே.

“எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது, என்ன செய்வது?” என்ற பேச்சை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால், அதிலிருந்து எழும் தூதுகள் நாள்தோறும் எழுதப்பட்டும் அழிக்கப்பட்டும் வருகின்றன. அவற்றை நேரடியாகத் திருத்தும் மருந்துகள் பெருகும்வரை புகையைத் தொடாமல் இருப்பதும், உடலை அசைப்பதும், குடும்பத்தில் இதய நோய் இருந்தால் இளவயதிலேயே கொழுப்பைப் பரிசோதிப்பதும் நம் கையில் உள்ளன.