தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்ட கதை

ஒரு காலத்தில், துரை எதிரே வந்தால் மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி கீழே இறங்கி நிற்க வேண்டும். இன்றைய இளைஞர்களுக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், 1941 ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், இறங்காமல் செல்லும் உரிமையும் ஒன்றாக இருந்தது.

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் அப்போராட்டத்தில் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றையும் தொழிலாளர்கள் கேட்டனர். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர்.

அத்துணை துணிவிருந்தும் அப்போராட்டம் ஏன் ஒடுக்கப்பட்டது? தோட்டத் தொழிலாளர் அனைவருக்கும் பொதுவான சங்கம் அன்று இல்லை. குடியிருந்த லயமும் தோட்டத்திற்கே சொந்தம். வேலை போனால் வீடும் போயிற்று. தனித்து நின்றவனை அடக்குவது எளிதாயிற்று.

போருக்குப் பின் சங்கங்கள் பல தோன்றின. 1948 இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது அவற்றுள் பல மறைந்தன. எஞ்சியும் புதிதாய் எழுந்தும் மாநிலந்தோறும் தனித்தனியே இயங்கிய சங்கங்கள் 1954 இல் ஒன்றிணைந்தன. அவ்வாறு பிறந்ததே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். அதன் பொதுச் செயலாளராக விளங்கிய பி.பி. நாராயணன், 1975 இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகவும் ஆனார்.

இந்த இணைப்பால் விளைந்த நன்மை யாது? முன்னர் ஒரு தோட்டத்துத் தொழிலாளி தம் நிர்வாகியிடம் தனியே முறையிட வேண்டியிருந்தது. பின்னரோ, சங்கமும் முதலாளிமார் சங்கமும் சரிநிகராய் அமர்ந்து பேசிக் கூட்டு ஒப்பந்தம் செய்யலாயின. பேச்சு முறிந்தால் வழக்கு தொழில் நீதிமன்றத்திற்குச் செல்ல 1967 ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் வழிவகுத்தது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. 2013 இல் குறைந்தபட்சச் சம்பளமும் சட்டமாயிற்று. தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனை அறிந்தவருக்கே அது பயன்படும். உங்கள் கூட்டு ஒப்பந்தம் என்ன கூறுகிறது என்பதைத் தோட்டச் சங்கக் கிளையில் கேட்டறியுங்கள். நிமிர்ந்து மிதிவண்டியில் செல்லவும் போராட நேர்ந்த முன்னோர் தேடித் தந்த செல்வம் அது.