நம் வீட்டு மீனுக்கு யார் சான்று?

கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில், நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். முகமும் கழுத்தும் செக்கச் சிவந்திருந்தன. தலைவலி, படபடப்பு, உடலெங்கும் அரிப்பு. ஒரு மணி நேரத்துக்கு முன்பு சூரை மீன் குழம்புடன் உணவருந்தியதாகக் கூறினார். ஒவ்வாமைக்குரிய மருந்துகளை அளித்தோம், மாலைக்குள் தேறினார். வீடு திரும்பும்போது அவரது குறிப்பேட்டில் 'மீன் ஒவ்வாமை' என்று எழுதி, இனி மீனே உண்ண வேண்டாம் என அறிவுறுத்தினோம்.

விடைபெறும் வேளையில் அவருடைய மகன் தயங்கியபடி, "எனக்கும் தங்கைக்கும்கூட முகம் காந்தியது டாக்டர். சாப்பிடும்போதே நாக்கில் மிளகு கடித்தது போல இருந்தது. வெயிலென்று விட்டுவிட்டோம்" என்றார். எழுதிய சொல்லை நாங்கள் அடித்துவிட்டோம். ஒரே குழம்பை உண்ட மூவருக்கு ஒரே நாளில் ஒவ்வாமை தோன்றுவது அரிது. குறை அவர்களது உடலில் இல்லை, மீனில் இருந்தது.

ஹிஸ்டமின் நஞ்சு

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீனை உடனே குளிரூட்டாமல் விட்டால், பாக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒவ்வாமையின்போது நம் உடலே வெளியிடும் வேதிப்பொருளும் இதுவே. ஆகவேதான் இரண்டின் அறிகுறிகளும் ஒத்திருக்கின்றன.

ஒருமுறை உருவான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் அழியாது. உறைய வைத்தாலும் அழியாது. மீனின் நிறமும் மணமும் நன்றாக இருக்கும்போதே அது தீங்கு தரும் அளவை எட்டியிருக்கலாம். வலையிலிருந்து அடுப்பு வரை மீனை 4 டிகிரி செல்சியஸுக்கு மிகாத குளிரில் வைத்திருப்பதே இதற்கு உள்ள ஒரே காப்பு. பெரும்பாலோர்க்கு இந்த நோய் ஒரு நாளில் அடங்கிவிடும். எனினும் இதய நோயாளிகளுக்கும் ஆஸ்துமா உள்ளோர்க்கும் கடுமையாகலாம்.

காசநோய்க்கு ஐசோனியசிட் உட்கொள்வோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை இம்மருந்து தடுப்பதால், பிறருக்குத் தீங்கு செய்யாத அளவும் இவர்களுக்குத் தொல்லை தரக்கூடும். மீன் உண்டபின் முகம் சிவந்தால், மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று கருதி நீங்களாகவே அதனை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் வாருங்கள்.

சான்றிதழ் எங்கே நிற்கிறது?

நந்தனத்தில் அண்ணா சாலை வழியே செல்வோர், கால்நடை பராமரிப்பு மற்றும் மீன்வளத் துறைகளின் ஒருங்கிணைந்த அலுவலக வளாகத்தைக் கண்டிருப்பர். மாநில மீன்வளத் துறையின் தலைமை அலுவலகம் அங்கேதான் இயங்குகிறது. ஆயினும் சந்தையில் விற்கும் மீன் உண்ணத் தகுந்ததா என ஆய்வு செய்யும் பொறுப்பு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, உணவுப் பாதுகாப்புத் துறைக்கு உரியது.

கடல் கடந்து செல்லும் மீனின் நிலை வேறு. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம், சுகாதாரக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டி இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. அதன்பின் ஏற்றுமதி ஆலைகள் பெரும் செலவில் சீரமைக்கப்பட்டன. இன்று ஐரோப்பாவுக்குச் செல்லும் கடலுணவு, ஏற்றுமதி ஆய்வு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆலையிலிருந்து, உடல்நலச் சான்றிதழுடன் மட்டுமே கப்பலேற முடியும்.

நம் சந்தைக்கு வரும் கூடையுடன் அத்தகைய தாள் எதுவும் வருவதில்லை. கடையில் தொங்கும் 14 இலக்கப் பதிவெண், அந்த வணிகம் பதிவு பெற்றது என்பதைச் சொல்லும். இன்று காலை இறங்கிய மீனைப் பற்றி எதுவும் சொல்லாது. ஹிஸ்டமினுக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. ஆனால் அதனை அளக்க மீன் ஆய்வகத்துக்குச் சென்றாக வேண்டும். முடிவு வருவதற்குள் அந்த மீன் விற்றுத் தீர்ந்திருக்கும்.

2018இல் இந்த இடைவெளி வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம், கேரள எல்லையான ஆரியங்காவு சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த சுமார் 9,600 கிலோ மீன் பிடிபட்டது. சென்னையிலும் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டைச் சந்தைகளின் மீன்கள் சோதனைக்கு உள்ளாயின. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய, சந்தையிலேயே சில நிமிடங்களில் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் கண்டறியும் தாள்பட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. இது நல்ல முன்னேற்றம். ஆனால் அந்தத் தாள்பட்டை ஹிஸ்டமினைக் காட்டாது.

கோடையில் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. அந்நாட்களில் சென்னைக்கு மேற்குக் கடற்கரை மீன் லாரிகளில் வருகிறது. வழியில் பனிக்கட்டி எத்தனை முறை உருகியது என்பதை மீன் சொல்வதில்லை.

மருத்துவமனையும் ஒரு சோதனைச் சாவடி

2015இல் சிங்கப்பூரில், நலமாக இருந்த பெரியவர்கள் பலர் 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்னும் பாக்டீரியாவின் கடும் தொற்றுடன் மருத்துவமனைகளுக்கு வந்தனர். அவர்கள் என்ன உண்டார்கள் என்று கேட்டுக் கேட்டு, கஞ்சிக் கடைகளில் பரிமாறிய பச்சை நன்னீர் மீனில் காரணம் இருப்பதைக் கண்டறிந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவது அங்கு தடைசெய்யப்பட்டது. ஒழுங்கான சந்தைகள் கொண்ட அந்நகரிலும், சந்தை ஆய்வில் தப்பியது நோயாளியின் படுக்கையருகே பிடிபட்டது.

நமது சட்டமும் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறது. தாம் காணும் உணவு நச்சு நிகழ்வுகளை மருத்துவர்கள் அதிகாரிக்குத் தெரிவிக்குமாறு அறிவிக்கை வழியே பணிக்க, அதன் 35ஆம் பிரிவு இடமளிக்கிறது. வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தும் உரிமையை 40ஆம் பிரிவு நுகர்வோர்க்கும் வழங்குகிறது.

ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களால் எதையும் தெரிவிக்க இயலவில்லை. மீதிக் குழம்பைக் கொட்டிவிட்டார்கள். மீனை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்பதும் நினைவில் இல்லை. அதே பெட்டியிலிருந்து மீன் வாங்கிய மற்ற வீடுகளில் என்ன நேர்ந்தது என்பதை நாங்கள் அறியவே இல்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவை:

மீன் உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு தோன்றினால் மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 108ஐ அழையுங்கள். ஒவ்வாமையா, நஞ்சா என்று வீட்டில் ஆராய வேண்டாம்.

உடன் உண்டவர்களுக்கும் ஏதேனும் நேர்ந்ததா என்பதைக் கேட்டுச் சொல்லுங்கள். மிஞ்சிய மீனை மூடிய பாத்திரத்தில் உறைபெட்டியில் வையுங்கள். கடையின் பெயரையும் வாங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் நீங்களே புகார் அளிக்கலாம்.

மீன் வாங்கும்போது செவுளைப் பார்ப்பதோடு பனிக்கட்டியையும் பாருங்கள். மீன் பனிக்கட்டிக்குள் புதைந்திருக்க வேண்டும். வெறும் பலகையில் வெயில் காயக் கூடாது. சைதாப்பேட்டையிலோ பட்டினப்பாக்கத்திலோ வாங்கினாலும், மற்ற வேலைகளை முடித்துக் கடைசியாக மீனை வாங்கி நேரே வீடு திரும்புங்கள். சந்தையில் காத்த குளிர்ச்சியை ஸ்கூட்டரின் கொக்கியில் இழந்துவிட வேண்டாம்.

'மீன் ஒவ்வாமை' என்று முன்பே கூறப்பட்டவர்கள், இதனைப் படித்துவிட்டுத் தாமாக மீன் உண்ணத் தொடங்க வேண்டாம். உண்மையான மீன் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தானது. குறிப்பேட்டுடன் வந்து, உரிய பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அப்பெண்மணிக்கும் பரிசோதனைகள் செய்தோம்; மீன் ஒவ்வாமை இல்லை என்பது உறுதியானது. இப்போது அவர் மீன் உண்கிறார். வாங்கிய கடையின் பெயரைச் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைக்கிறார். அடுத்த முறை ஏதேனும் நேர்ந்தால், எங்களால் அந்தக் கடை வரை செல்ல முடியும்.